எரிமலைப் புகையும் தூத்துக்குடி மழைநீரும்: நம் குடும்பங்கள் அறிய வேண்டியவை

2025 நவம்பர் 23 அன்று எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் உள்ள ஹய்லி குப்பி என்ற எரிமலை வெடித்தது. அதன் சாம்பலும் கந்தக வாயுவும் செங்கடலைத் தாண்டின. ஏமன், ஓமன் வழியாக அரபிக் கடலைக் கடந்து, மறுநாள் இரவே குஜராத், ராஜஸ்தான், டெல்லி வான்வெளியை அடைந்தன. சில விமானங்கள் ரத்து செய்யப்பட்டன. இதுபோன்ற செய்தி வரும்போதெல்லாம் "அமில மழை பெய்யும், யாரும் நனையாதீர்கள்" என்ற எச்சரிக்கைகள் செல்பேசிகளில் சுற்றி வருவது வழக்கம். படித்தவர்களும் அதை உண்மை என்று நம்பி அடுத்தவருக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

எரிமலை வாயு மழைநீரைக் கெடுக்கும் என்பது உண்மை. ஆனால் எங்கே கெடுக்கும், எவ்வளவு கெடுக்கும், எந்த வழியில் அது மனிதனின் உடலுக்குள் போகும் என்பதைத் தெரிந்துகொண்டால்தான் பயப்பட வேண்டியது எது, வேண்டாதது எது என்று பிரித்தறிய முடியும். தூத்துக்குடி, காயல்பட்டினம், ஆறுமுகநேரி, திருச்செந்தூர் என்று இந்தக் கடற்கரையில் வாழும் நமக்கு இது வெறும் பொது அறிவு அல்ல. எரிமலையின் வாயிலிருந்து வரும் அதே கந்தக வாயு நம் ஊர்ப் புகைபோக்கிகளிலிருந்தும் வருகிறது. ஆகவே எரிமலையைப் பற்றிப் படித்தால் நம் ஊர் மழையைப் பற்றியும் அறிந்துகொள்ளலாம்.

எரிமலையிலிருந்து வருவது என்ன?

எரிமலை என்றவுடன் நெருப்புக் குழம்பும் சாம்பலும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் அதிக தூரம் பயணம் செய்வது வாயுக்கள். அவற்றில் பெரும்பகுதி நீராவி. அடுத்து கார்பன் டை ஆக்சைடு, கந்தக டை ஆக்சைடு ஆகியவை. இவற்றோடு ஹைட்ரஜன் சல்ஃபைடு, ஹைட்ரஜன் குளோரைடு, ஹைட்ரஜன் ஃபுளோரைடு போன்றவையும் குறைந்த அளவில் வரும்.

மழையைப் பொறுத்தவரை முக்கியமானது கந்தக டை ஆக்சைடு. தீக்குச்சியை உரசும்போது மூக்கில் ஏறும் நெடி இதனுடையதுதான். இது காற்றைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கனமானது. தண்ணீரில் எளிதாகக் கரையும். காற்றில் உள்ள ஆக்சிஜனோடும் ஈரத்தோடும் சேர்ந்து சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் கந்தக அமிலத்தின் நுண்துளிகளாக மாறுகிறது. அந்தத் துளிகள் மேகத்தில் கலந்து மழையோடு இறங்கும்போது அதை அமில மழை என்கிறோம். ஹைட்ரஜன் குளோரைடும் ஃபுளோரைடும் இவ்வளவு நேரம் காத்திருப்பதில்லை. அவை எரிமலைக்கு அருகிலேயே மழையில் கரைந்து விழுந்துவிடும்.

அமில அளவை எப்படிப் புரிந்துகொள்வது?

தண்ணீரின் அமிலத்தன்மையையும் காரத்தன்மையையும் பி.எச். என்ற அளவால் குறிக்கிறார்கள். 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஓர் எண் இறங்கினால் அமிலம் பத்து மடங்கு கூடியது என்று பொருள். 6 உள்ள நீரைவிட 5 உள்ள நீரில் அமிலம் பத்து மடங்கு, 4 உள்ள நீரில் நூறு மடங்கு.

இங்கே பலருக்கும் தெரியாத ஒரு செய்தி உண்டு. எந்த மாசும் இல்லாத தூய மழைநீரின் அளவே 7 அல்ல; ஏறத்தாழ 5.6. காற்றில் இயல்பாக இருக்கும் கார்பன் டை ஆக்சைடு மழைத்துளியில் கரைவதே காரணம். அதனால் மழைநீரைச் சோதித்து "6 காட்டுகிறது, அமில மழை பெய்துவிட்டது" என்று சொல்வது பிழை. 5.6க்குக் கீழே தெளிவாக இறங்கும்போதுதான் வெளியிலிருந்து அமிலம் சேர்ந்திருக்கிறது என்று கொள்ள வேண்டும். இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஆலைப் புகையால் மழை அமிலமாவதை ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் என்ற வேதியியலாளர் 1852லேயே எழுதினார். ஆக, அமில மழை என்ற செய்தியை உலகம் முதலில் கற்றது எரிமலையிடம் அல்ல, ஆலைப் புகையிடம்தான்.

ஐஸ்லாந்து கண்ட துயரம்

எரிமலை வாயுவால் மழை கெட்டு ஒரு நாடே அழிவைச் சந்தித்த வரலாறு 1783இல் நடந்தது. அவ்வாண்டு ஜூன் 8 அன்று ஐஸ்லாந்தின் லாக்கி பகுதியில் நிலம் சுமார் 25 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளந்தது. 1784 பிப்ரவரி வரை எட்டு மாதங்கள் அதிலிருந்து குழம்பும் வாயுவும் வெளிவந்தன. வெளியான கந்தக டை ஆக்சைடு மட்டும் சுமார் 12 கோடி டன் என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள்.

அந்தப் பகுதியின் மதகுருவான யோன் ஸ்டெயின்கிரிம்சன் தாம் கண்டவற்றை விரிவாக எழுதி வைத்தார். மழைத்துளி பட்ட இடத்தில் இலைகளில் ஓட்டை விழுந்ததும், மக்களின் கண்ணும் தோலும் எரிந்ததும் அவர் பதிவால்தான் இன்று நமக்குத் தெரிகின்றன. ஃபுளோரின் படிந்த புல்லை மேய்ந்த ஆடுகளில் ஐந்தில் நான்கு பங்கு மடிந்தன. தொடர்ந்து வந்த பஞ்சத்தில் நாட்டு மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் இறந்துபோனார்கள். அவர்களைக் கொன்றது நெருப்பு அல்ல. காற்றும் மழையும் புல்லும் கெட்டதால் வந்த பட்டினியும் நோயும்தான்.

ஹவாயின் கூரைகள் சொல்லும் பாடம்

நம் நிலைமைக்கு மிக நெருக்கமான நிகழ்வு ஹவாய் தீவில் நடந்தது. அங்கே கிலாவியா எரிமலை 1983இல் தொடங்கி 2018 வரை ஏறத்தாழ இடைவிடாமல் வாயுவை வெளியிட்டது. காற்று அதைத் தீவின் மேற்கே உள்ள கோனா பகுதிக்குக் கொண்டு சென்றது. அங்கே பல குடும்பங்கள் வீட்டுக் கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் பிடித்துக் குடித்து வந்தன.

1988இல் சோதித்தபோது, அப்படி மழைநீர் சேமிக்கும் வீடுகளில் ஏறத்தாழ 40 சதவீத வீடுகளின் குடிநீரில் ஈயம் இருப்பது தெரிந்தது. எரிமலையிலிருந்து ஈயம் பறந்து வரவில்லை. அமிலம் கலந்த மழைநீர் கூரையில் இருந்த ஈயத் தகடு, பூச்சு, குழாய்களின் ஈயப் பற்று ஆகியவற்றைக் கரைத்துக்கொண்டு தொட்டிக்குள் இறங்கியிருந்தது. சிலருடைய இரத்தத்திலும் ஈயம் கூடுதலாக இருந்தது சோதனையில் உறுதியானது.

இந்தச் செய்தியை நாம் மனதில் பதிய வைக்க வேண்டும். சற்றே அமிலமான மழைநீரைக் குடிப்பதால் மட்டும் உடலுக்குக் கேடு வருவதில்லை. நாம் குடிக்கும் எலுமிச்சைச் சாறு அதைவிடப் பல மடங்கு அமிலமானது. அந்த நீர் கூரையிலிருந்தும் குழாயிலிருந்தும் எதைக் கரைத்துக்கொண்டு வருகிறது என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அதற்கு நிறமோ சுவையோ வாடையோ கிடையாது.

நமக்கு அருகில் உள்ள எரிமலை

இந்தியாவில் இப்போது செயலில் இருக்கும் ஒரே எரிமலை அந்தமான் கடலில் உள்ள பாரன் தீவு. போர்ட் பிளேருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவில், மக்கள் குடியிருப்பு இல்லாத தீவு அது. நீண்ட காலம் அடங்கிக் கிடந்து 1991இல் மீண்டும் வெடித்தது. அதன் பிறகு 2005, 2017 உட்படப் பலமுறை புகைந்திருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து அது 1,700 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. இடையே முழு வங்கக் கடலும் இலங்கையும் உள்ளன. அங்கிருந்து வரும் சிறிய அளவு வாயு வழியிலேயே கரைந்து, கலைந்து, கடல் மழையோடு இறங்கிவிடும்.

ஹய்லி குப்பி போன்ற பெரும் வெடிப்புகளில் புகை பத்துக் கிலோமீட்டருக்கும் மேலே எழும்பி உயரக் காற்றில் பயணம் செய்கிறது. அதனால் விமானங்களுக்குத்தான் முதல் ஆபத்து. தரையில் உள்ளவர் சுவாசிக்கும் காற்றும் அவர் தலையில் விழும் மழையும் உடனே கெட்டுவிடுவதில்லை. ஆகவே, தொலைதூர எரிமலைச் செய்தியைக் கேட்டு நம் கடற்கரை மக்கள் மழைக்கு அஞ்ச வேண்டியதில்லை.

நம் ஊரின் கந்தகம் எங்கிருந்து வருகிறது?

முதலாவது நிலக்கரி. தூத்துக்குடி அனல் மின் நிலையம் தலா 210 மெகாவாட் கொண்ட ஐந்து அலகுகளுடன் 1,050 மெகாவாட் திறன் உடையது. அதன் முதல் அலகு 1979இல் தொடங்கப்பட்டது. என்.எல்.சி.யும் தமிழக மின் வாரியமும் சேர்ந்து அமைத்த 1,000 மெகாவாட் நிலையம் 2015இல் செயல்பாட்டுக்கு வந்தது. இவை தவிர தனியார் நிலையங்களும் இருக்கின்றன. நிலக்கரியில் கந்தகம் 0.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 1,000 டன் எரிக்கும்போது அதில் உள்ள 5 டன் கந்தகம் ஏறத்தாழ 10 டன் கந்தக டை ஆக்சைடாக மாறும். ஆக்சிஜனின் எடையும் சேர்வதால் இப்படி இரட்டிப்பாகிறது.

இந்த வாயுவைப் புகைபோக்கிக்குள்ளேயே பிடிக்கும் கருவி உண்டு. சுண்ணாம்புக்கல் கரைசலைப் புகையில் தெளித்தால் கந்தகம் ஜிப்சமாக மாறித் தங்கிவிடும். அனல் மின் நிலையங்கள் கந்தக வாயுவைக் குறைக்க வேண்டும் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2015 டிசம்பரில் விதி வகுத்தது. காலக்கெடு பலமுறை தள்ளிப்போனது. 2025 ஜூலையில் வந்த அறிவிக்கை நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்கு இந்தக் கருவியிலிருந்து விலக்கு அளித்தது. காற்றுத் தரம் குறைந்த நகரங்களுக்கு அருகில் உள்ளவற்றை மட்டும் தனித்தனியே பரிசீலிப்பதாகச் சொல்கிறது. தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் காற்றுத் தரத்தை எட்டாத நகரங்களின் பட்டியலில் தூத்துக்குடியும் இருக்கிறது என்பதை நம் ஊர்ப் பொறுப்பாளர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது தாமிரம். உருக்காலைக்கு வரும் தாமிரத் தாது அடர்வில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கந்தகம். அதை உருக்கும்போது எரிமலை வாயுவைப் போலவே கந்தக டை ஆக்சைடு பெருமளவில் வெளிப்படும். அதைப் பிடித்துக் கந்தக அமிலமாக்கி விற்பது தொழில்முறை. பிடிக்கும் அமைப்பில் கோளாறு வந்தால் வாயு வெளியே போகும். 2013 மார்ச் 23 காலையில் தூத்துக்குடி மக்கள் பலருக்குக் கண் எரிச்சலும் தொண்டை அடைப்பும் மூச்சுத் திணறலும் ஏற்பட்டன. ஸ்டெர்லைட் ஆலையின் புகைபோக்கிக் கருவியில் அன்று பதிவான அளவு, அனுமதிக்கப்பட்ட கன மீட்டருக்கு 1,250 மில்லிகிராமைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மார்ச் 29 அன்று ஆலையை மூடியது. தங்கள் ஆலையால் பாதிப்பு ஏற்படவில்லை என்று நிறுவனம் வாதிட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மே 31 அன்று மீண்டும் இயங்க அனுமதி தந்தது.

இதற்கிடையே, அதே ஏப்ரல் 2 அன்று உச்ச நீதிமன்றம், முந்தைய ஆண்டுகளில் சுற்றுச்சூழலுக்கு ஏற்படுத்திய பாதிப்புக்காக அந்நிறுவனம் 100 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. 2018 மே மாதப் போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்ததும், மே 28 அன்று தமிழக அரசு ஆலையை மூடியதும், 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்ததும் நாம் அறிந்தவை.

மூன்றாவது கப்பல்கள். வ.உ.சிதம்பரனார் துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள் எரிக்கும் எண்ணெயிலும் கந்தகம் உண்டு. உலகக் கடல்சார் அமைப்பின் விதிப்படி 2020 ஜனவரி 1 முதல் அந்த எண்ணெயில் கந்தகத்தின் உச்ச அளவு 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. இது நல்ல மாற்றம்.

தூசியும் உப்பும் செய்யும் வேலை

இவ்வளவு கந்தகம் இருந்தும் இந்தியாவின் பெரும்பகுதியில் மழை ஐரோப்பாவைப் போலக் கடுமையான அமிலமாக இருந்ததில்லை. காரணம் நம் மண்ணின் தூசி. அதில் கால்சியம் கார்பனேட் நிறைய உண்டு. அது காற்றில் பறந்து மழைத்துளியில் கலந்து அமிலத்தை முறித்துவிடுகிறது. நெஞ்செரிச்சலுக்கு நாம் சாப்பிடும் மாத்திரை வயிற்றில் செய்யும் வேலையும் இதுதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. தூத்துக்குடியைத் தூய காற்றுப் பட்டியலில் சேர்க்கக் காரணமானது நுண்தூசி. அந்தத் தூசி மழையின் அமிலத்தை ஓரளவு முறிக்கலாம். ஆனால் நம் நுரையீரலுக்கு அது கேடு. தூசியைக் குறைக்கும்போது கந்தகத்தையும் சேர்த்துக் குறைக்காவிட்டால், காற்று தெளிந்து மழை அமிலமாகும் நிலை வரலாம்.

உப்பளங்களும் கடல் அலைத் தெறிப்பும் நம் மழையில் உப்பைச் சேர்க்கின்றன. கடல் உப்பிலேயே சல்ஃபேட் இருப்பதால், மழைநீரில் சல்ஃபேட் கண்டவுடன் ஆலைப் புகை என்று முடிவு கட்டக் கூடாது. இதைப் பிரித்தறிய ஆய்வாளர்கள் எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள். கடல் நீரில் சோடியத்தின் எடையில் கால் பங்கு சல்ஃபேட் இருக்கும். மழைநீரில் சோடியத்தை அளந்து, அதில் கால் பங்கைக் கழித்த பின் மிஞ்சும் சல்ஃபேட்தான் புகையிலிருந்து வந்ததாகக் கருதப்படும்.

பருவக் காற்றையும் கவனிக்க வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் காற்று மேற்கிலிருந்து வீசும். நமக்கு அப்போது மழை குறைவு. நகருக்கு மேற்கே உள்ள தொழிற்பேட்டையின் புகை அந்நாட்களில் நகரின் பக்கம் வரும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து காற்று வரும்போது கடலோர நிலையங்களின் புகை உள்நாட்டுப் பக்கம் போகும். நம் மழையில் பெரும்பகுதி அந்த மாதங்களில்தான் பெய்கிறது.

பெருமழையில் மாசு நீர்த்துவிடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தபோது நம் கவலை வெள்ளமாக இருந்ததே தவிர அமிலமாக இல்லை. நீண்ட வறட்சிக்குப் பிறகு வரும் முதல் தூறல்தான் காற்றில் தேங்கிய அனைத்தையும் கழுவிக்கொண்டு இறங்குகிறது.

அளந்து பார்த்த ஊர்களும் நம் ஊரும்

இந்திய வானிலைத் துறை நாட்டில் பத்து இடங்களில் மழைநீரின் வேதியியலைப் பல ஆண்டுகளாக அளந்து வருகிறது. கொடைக்கானல், மினிக்காய், போர்ட் பிளேர், புனே, விசாகப்பட்டினம் ஆகியவை அவற்றில் சில. 1987 முதல் 2021 வரையிலான பதிவுகளை ஆராய்ந்ததில், விசாகப்பட்டினம், பிரயாக்ராஜ், அசாமின் மோகன்பாரி ஆகிய இடங்களில் மழையின் அமிலத்தன்மை கூடி வருவது தெரிந்தது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, கப்பல் துறை ஆகியவற்றின் புகையே விசாகப்பட்டினத்தின் நிலைக்குக் காரணமாகச் சுட்டப்பட்டது.

விசாகப்பட்டினம் துறைமுக நகரம். கடலோரத் தொழில் நகரம். தூத்துக்குடியும் அப்படித்தான். ஆனால் அந்தப் பத்து இடங்களில் தூத்துக்குடி இல்லை. நம் காற்றை அளக்கும் கருவிகள் இருக்கின்றன. அதேபோல் ஆண்டாண்டாக நம் மழையையும் அளக்கும் நிலையம் வேண்டும். அது இருந்தால் வதந்தியும் ஓயும், குறை இருந்தால் சான்றும் கிடைக்கும்.

முத்துப் படுகைக்கு ஆபத்து உண்டா?

முத்துச் சிப்பி, சங்கு, பவளம் மூன்றுமே கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. அமிலம் பட்டால் கரையும். அப்படியானால் அமில மழை நம் பார்களை அழித்துவிடுமா என்று கேட்பவர்கள் உண்டு. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அதற்குப் பிறகு சிப்பி வளம் திரும்பாததால் இந்தக் கேள்வி இயல்பானதே.

கடல்நீர் காரத்தன்மை உடையது. அதன் மேற்பரப்பின் அளவு ஏறத்தாழ 8.1. அதில் கரைந்திருக்கும் உப்புகள் மழை கொண்டுவரும் அமிலத்தை உடனே முறித்துவிடும். எனவே மழையால் சிப்பி கரையும் என்பது சரியல்ல. கடலை உண்மையில் மாற்றுவது கார்பன் டை ஆக்சைடு. தொழிற்புரட்சிக்கு முன் ஏறத்தாழ 8.2 ஆக இருந்த அளவு இன்று 8.1க்கு இறங்கியிருக்கிறது. எண்ணில் சிறிது, ஆனால் அமிலம் கூடியது ஏறத்தாழ 30 சதவீதம்.

இதன் விளைவை அறிய உதவியதும் ஓர் எரிமலைப் பகுதிதான். இத்தாலியின் இஸ்கியா தீவருகே கடலடியிலிருந்து எரிமலைக் கார்பன் டை ஆக்சைடு குமிழியாக வெளிவருகிறது. 2008இல் வெளியான ஆய்வில், குமிழிகளை நெருங்க நெருங்கப் பவளம் மறைவதும், நத்தைகளின் ஓடு கரைவதும் பதிவாயின. உலகின் எல்லா எரிமலைகளும் ஓராண்டில் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடு, மனிதர் வெளியிடுவதில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளங்கள் 2010லும் 2016லும் வெளுத்துப்போனதற்குக் காரணம் கடலின் வெப்பம். நிலக்கரிப் புகையின் கந்தகம் மழையோடு இறங்கிவிடும். அதே புகையின் கார்பன் நீண்ட காலம் தங்கி, கடலைச் சூடாக்கவும் அமிலமாக்கவும் செய்யும்.

ஹவ்ளு நீரும் குடிநீரும்

மத்ரஸாவில் நாம் படிக்கும் முதல் பாடங்களில் ஒன்று தண்ணீர் பற்றியது. மழைநீர் தானும் தூய்மையானது, பிறவற்றையும் தூய்மைப்படுத்துவது. தூசி, புகை போன்று தவிர்க்க முடியாதவை கலந்ததால் அந்நிலை மாறிவிடுவதில்லை. ஆகவே பள்ளிவாசல் ஹவ்ளில் சேரும் மழைநீரில் ஒளூச் செய்வது குறித்து யாரும் மனக்குழப்பம் அடைய வேண்டாம்.

ஆனால் ஒளூவுக்குத் தகுதியான நீர் எல்லாம் குடிக்கத் தகுதியானது என்று எண்ணக் கூடாது. நிறம், சுவை, வாடை ஆகிய மூன்றைக் கொண்டு நீரின் நிலையைப் பார்ப்பது ஃபிக்ஹ் பாடம். ஈயமோ இந்த மூன்றிலும் தென்படாது. அதற்கு ஆய்வகமே வழி. இந்தியத் தர நிர்ணய அமைவனம் குடிநீரின் பி.எச். 6.5 முதல் 8.5 வரை இருக்க வேண்டும் என்கிறது. ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

வீடுகளில் செய்ய வேண்டியவை

1. பருவத்தின் முதல் மழையைச் சேமிக்க வேண்டாம். ஒவ்வொரு மழையிலும் முதல் 15, 20 நிமிட நீரை வெளியே விட்டுவிடுங்கள். குழாயில் ஒரு திருப்பு வால்வு வைத்தால் போதும்.

2. பழைய பெயிண்ட் உரியும் கூரை, துருப்பிடித்த தகரம், ஈயப் பற்று வைத்த குழாய் ஆகியவற்றின் வழியாக வரும் நீரைக் குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்தாதீர்கள். செடிகளுக்கும் கழுவவும் பயன்படுத்தலாம். கிணற்றருகே நிலத்துக்குள் இறக்கலாம்.

3. சேமிப்புத் தொட்டி சிமெண்டால் ஆனதாக இருப்பது நல்லது. சிமெண்டில் உள்ள சுண்ணாம்பு நீரின் அமிலத்தை மெல்ல முறிக்கும். வடிகட்டியில் சுண்ணாம்புக்கல் சல்லி ஒரு அடுக்கு போடுவதும் பயன் தரும்.

4. மீன் தொட்டிப் பொருட்கள் விற்கும் கடைகளில் பி.எச். தாள் கிடைக்கும். தோராயமாக அறிய அது உதவும். 5க்கும் கீழே காட்டினால் நீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதியுங்கள். ஈயத்தையும் சேர்த்துச் சோதிக்கும்படி கேளுங்கள்.

5. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஈயம் போகாது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும்.

6. கந்தக நெடி திடீரென்று அடித்தால் குழந்தைகளையும் முதியவர்களையும் ஆஸ்துமா உள்ளவர்களையும் உடனே வீட்டுக்குள் அழைத்துக் கதவு, சன்னல்களைச் சாத்துங்கள். ஈரத் துணியால் மூக்கை மூடுவது இந்த வாயுவை ஓரளவு தடுக்கும். நேரத்தையும் இடத்தையும் காற்று வீசிய திசையையும் குறித்துவைத்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெரிவியுங்கள்.

ஊர் அளவில் செய்ய வேண்டியவை

நம் ஜமாஅத்துகளும் பள்ளிக்கூடங்களும் சேர்ந்தால் எளிதாகச் செய்யக்கூடிய ஒரு பணி இருக்கிறது. ஐப்பசி முதல் மார்கழி வரை, திறந்த வெளியில் கழுவிய கண்ணாடிப் பாத்திரத்தில் மழைநீரைப் பிடித்து, தேதி, நேரம், காற்றின் திசை, பி.எச். அளவு ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் எழுதி வருவது. அறிவியல் ஆசிரியர் ஒருவரும் நான்கு மாணவர்களும் போதும். பள்ளிவாசல் மாடியில் ஒன்று, பள்ளிக்கூட மாடியில் ஒன்று, கடற்கரையில் ஒன்று என்று வைத்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஐஸ்லாந்தில் நடந்ததை உலகம் அறிந்தது ஒரு மதகுரு அன்றாடம் கண்டதை எழுதி வைத்ததால்தான்.

அந்தப் பதிவுகளோடு, வானிலைத் துறையின் மழைநீர் ஆய்வு நிலையங்களில் தூத்துக்குடியையும் சேர்க்க வேண்டும் என்று மாவட்ட நிர்வாகத்திடமும் நம் மக்கள் பிரதிநிதிகளிடமும் மனு கொடுக்கலாம். வரும் மழைக்காலத்துக்கு முன்பே இதைத் தொடங்குவோம். வல்ல அல்லாஹ் நம் ஊர்களுக்கு நலம் தரும் மழையை வழங்குவானாக.